மானுக்கு மொச்சை விதைத்த சம்பந்தி

என் மகளின் கல்யாணத்தில் மிஞ்சிய அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தில், பச்சைப் பேனாவால் மூன்று நீள வளைவுகள் வரையப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பொடி எழுத்தில் மொச்சை, கௌப்பிப் பயறு, தினை என்று குறிப்பு. ஓரத்தில் காற்றடிக்கும் திசைக்கு ஓர் அம்பு, மரக்கூட்டத்துக்குச் சில சுழிகள், தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு வட்டம். தெரியாதவர்கள் பார்த்தால் சின்னப்பிள்ளை கிறுக்கியது என்பார்கள். அது மான்களின் கோடைகாலச் சாப்பாட்டுக்கான திட்டம். வரைந்தவர் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் தகப்பனார். அவர் காலமான பிறகு அவருடைய மேசை லாச்சியில் இருந்ததென்று மகள் கொண்டுவந்து தந்தாள்.

சம்பந்தி முப்பது வருடம் சிட்னியில் தபால் கந்தோரில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் மகனோடு சேர்ந்து மலைத்தொடருக்கு அப்பால், நாங்கள் இருந்த பிளாக்டவுனிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில், ஒரு மான் பண்ணையை எடுத்தார். யாழ்ப்பாணத்து ஆள் ஆடு வளர்த்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மான் என்றதும் பிளாக்டவுன் கடைத்தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் மறித்து விசாரித்தார்கள். இறைச்சிக்குத்தான் வளர்த்தார்கள், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மான் ஏற்ற லொறி வருகிற நாட்களில் மட்டும் அவருக்குப் பிளாக்டவுனில் ஏதாவது அவசர அலுவல் வந்துவிடும். நான் செவன் ஹில்ஸில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எதையும் தொட்டு, மோந்து, வெப்பம் அளந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் மாதத்துக்கு இரண்டு தரமாவது பண்ணைக்குப் போய்விடுவேன். மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மான்களைப் பார்க்கத்தான் போனேன்.

அவர்களுடைய முதல் கோடை மோசமாகப் போனது. அந்த மான்கள் டிசம்பரில், அங்கத்தைய கோடைத் தொடக்கத்தில், குட்டி போடும். சரியாக அந்த நேரத்தில்தான் அங்கே புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வரும். தாய்க்குப் பச்சை இல்லாவிட்டால் மடியில் பால் இல்லை. முப்பது பெண்மான்கள் ஈன்றதில் ஒன்பது குட்டிகள் செத்துப்போயின. சம்பந்தி அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தாராம். மகன் அப்போதே பண்ணையை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான். “இன்னும் ஒரு கோடை தா. அடுத்த முறையும் இப்பிடிக் குட்டி செத்தால் நானே கேற்றைப் பூட்டித் திறப்பை உன்ர கையில தாறன்” என்று அவனிடம் தவணை வாங்கியிருந்தார். அந்த ஒரு கோடைக்காகத்தான் அழைப்பிதழின் பின்னால் இத்தனை வளைவுகள்.

ஏன் நேராகச் சதுரமாகப் பாத்தி போடக்கூடாது என்று கேட்டேன். அவர் என்னை வெளியே கூட்டிப்போய், மரக்கூட்டத்தின் நிழலில் நிற்கவைத்து, திறந்த வெளியைக் காட்டினார். “நீங்கள் மான் எண்டு வையுங்கோ. நடு வெளியில போய் நிண்டு சாப்பிடுவியளோ?” மாட்டேன் என்றேன். மான் ஒரு வாய் தின்னும், ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கும். ஓடி ஒளிய மரம் கிட்ட இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு இறங்கும். அதனால் பாத்தி ஒடுக்கமாக, நீளமாக, மரங்களை ஒட்டி வளைந்து போகவேண்டும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, புளிப்பு கூட என்று தெரிந்து, சுண்ணாம்பு போட்டிருந்தார். பயிர் முழங்கால் உயரம் வரும்வரை மின்வேலி கட்டி மான்களை வெளியே வைப்பதென்றும் திட்டம். மொச்சையையும் கௌப்பியையும் நாங்கள் கறியாகத்தான் அறிவோம். அவற்றின் இலை இவ்வளவு சத்தானது, கோடையில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதெல்லாம் எனக்குப் புதினமாக இருந்தது. விதையோடு பிரட்ட ஒரு கறுப்புத் தூள் வரும். அதில் இருக்கும் நுண்ணுயிர் வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலிருந்து உரம் எடுத்துத் தருமாம். சம்பந்தி அதைக் குசினியில் அரிசி கழுவுகிற பேசினில் பிரட்டிவிட்டு, சம்பந்தியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது, நாள் பார்க்கிற வரைக்கும். அந்த வருடம் விஜயதசமி ஒக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. விஜயதசமியில் தொடங்குகிற காரியம் பிழைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் இரத்தத்தில் ஊறியது. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவதும் அன்றைக்குத்தான். சம்பந்தி அன்றைக்கே விதைப்பதென்று முடிவு செய்து, பிளாக்டவுனிலிருந்து இரண்டு கார் நிறையச் சொந்தக்காரரை அழைத்திருந்தார். பொங்கல் பொங்கி, தேவாரம் பாடி, கற்பூரம் காட்டியாயிற்று. நான் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்த வெப்பமானியை எடுத்து, ஒருவரும் பார்க்காத மாதிரிக் குனிந்து மண்ணில் செருகினேன். பன்னிரண்டு பாகை. விதைப் பையில் குறைந்தது பதினெட்டு என்று அச்சடித்திருந்தது. முதல்நாள் காலையில்கூடப் புல்லில் உறைபனி கிடந்ததாக மகள் சொல்லியிருந்தாள்.

நான் வாய் திறக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் நான். சம்பந்தி வீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் அவர் எடுத்த காரியத்தை நிறுத்து என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கல்யாணம் பேசிய நாள் முதல் அவர் எதைச் சொன்னாலும் “ஓம் அண்ணை” என்பதே என் வழக்கம். தேநீரில் சீனி கூடிப்போனாலும் ஓம் அண்ணைதான். வெப்பமானியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு நானும் ஒரு கைப்பிடி விதையைத் தூவினேன். கிழக்கே பார்த்துத் தூவும்படி யாரோ சொன்னார்கள். அதையும் செய்தேன்.

மூன்று கிழமை கழித்துப் போனபோது மூன்று வளைவுகளும் வெறும் மண்ணாகக் கிடந்தன. கொக்கட்டூப் பறவைகள் பொறுக்கித் தின்றுவிட்டன என்று மாப்பிள்ளை சொன்னான். சம்பந்தி முட்டுக்காலில் இருந்து விரலால் மண்ணைக் கிளறினார். விதைகள் இருந்தன. ஊதி, வழுவழுத்து, நசுக்கினால் நாறின. குளிர்ந்த மண்ணில் அழுகிவிட்டன. அவர் கையைத் துடைக்கக்கூட இல்லை. டிசம்பருக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாப்பிள்ளை அப்பால் போனதும் சொல்லிவிட்டேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் அளந்து பார்த்தனான். பன்னிரண்டுதான் இருந்தது. சொல்லாமல் விட்டிட்டன்.”

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். விரலில் ஒட்டிய விதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தெரியும். நீங்கள் குனிஞ்சதை நான் கண்டனான். முகம் மாறினதையும் கண்டனான். எனக்கும் காலமை வெறுங்காலோட நடக்கேக்கை மண் சில்லெண்டுதான் இருந்தது. சனத்தைக் கூப்பிட்டுப் பொங்கியும் போட்டன். நானாய் எப்பிடி நிப்பாட்டிறது? நீங்கள் வாய் திறப்பியள், அந்தச் சாட்டில நிப்பாட்டுவம் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் என் வாயைப் பார்த்து நின்றிருக்கிறார். நான் அவருடைய மரியாதையைப் பார்த்து நின்றிருக்கிறேன். நடுவில் விதை குளிர்ந்த மண்ணுக்குள் போய்விட்டது.

அதன் பிறகு அவர் நாளும் பார்க்கவில்லை, கோளும் பார்க்கவில்லை. என்னைக் காலை ஒன்பது மணிக்கு நாளாந்தம் மண்ணில் அளக்கச் சொன்னார். அதற்காக ஒரு கிழமை நான் அங்கேயே தங்கினேன். நவம்பரில் தொடர்ந்து மூன்று நாள் பத்தொன்பது காட்டியபோது, ஓர் அட்டமி நாளில், நாங்கள் இருவரும் மட்டும் இரண்டாம் முறை விதைத்தோம். தேவாரமும் இல்லை, பொங்கலும் இல்லை. ஐந்தாம் நாள் மொச்சை மண்ணைப் பிளந்து தலை தூக்கியது. ஆனால் அது முழங்கால் உயரம் வர ஜனவரியாகும். மான்கள் நமக்காகக் காத்திருக்குமா? டிசம்பர் முதல் கிழமையே குட்டி போடத் தொடங்கின. சம்பந்தி தெரிந்த இடமெல்லாம் சொல்லி லூசன் என்கிற தீவனப்பயிரைக் காய்ந்த கட்டுக்கட்டாக வருவித்துப் போட்டுச் சமாளித்தார். பகல் முழுவதும் வேலியோரம் நடந்து, எந்தத் தாயின் மடி வற்றியிருக்கிறது என்று தூரக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டேயிருப்பார். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை, நாற்பது பாகை வெயிலில், அடுத்தடுத்து இரண்டு குட்டிகள் செத்தன. நான் பண்ணைக்குப் போயிருந்த நேரம் அது. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன்.

ஜனவரியில் மின்வேலியின் ஒரு பக்கத்தைத் திறந்தோம். பாய்ந்து விழுந்து தின்னப்போகின்றன என்று நான் நினைத்தேன். ஒன்றும் உள்ளே வரவில்லை. தெரியாத வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி வாசலிலேயே நின்று மோந்தன. கடைசியில் ஒரு கிழட்டுப் பெண்மான் உள்ளே வந்து, இத்தனை பாடுபட்டு வளர்த்த மொச்சையை விட்டுவிட்டு, இடையில் தானாக முளைத்திருந்த களைக்கீரையைத் தின்றது. சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். அது பிறகு வாய் மாற்றி ஒரு மொச்சை இலையைக் கடித்தது. இன்னொன்று கடித்தது. அதன் பிறகு மற்றவை வந்தன, தாய்களுக்குப் பின்னால் குட்டிகளும் வந்தன. நான் இரண்டு தரம் எண்ணினேன். இருபத்தெட்டு.

பண்ணை பிழைத்துவிட்டது என்று எங்கள் இருவருக்கும் அந்த இடத்திலேயே தெரிந்தது. நான் ஏதாவது சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“முப்பது இருந்திருக்க வேணும், சம்பந்தி. அந்த ரெண்டில ஒண்டு என்ர, ஒண்டு உங்கட. சரிதானே?”

சரிதான் என்றேன். அவர் இருந்தவரைக்கும் அந்தப் பாரத்தை நாங்கள் அப்படிப் பங்கு போட்டுக்கொண்டோம். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது இரண்டும் என்னுடையவை.