கண்ணை மூடினால் கத்தும் கேமரா

1. முதல் நாளே மாட்டினேன்

கேமரா மாட்டிய முதல் நாளே, நான் வண்டியில் தூங்குகிறேன் என்று அது முதலாளியிடம் போட்டுக் கொடுத்துவிட்டது. லாரி ஓட்டி ஓட்டியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இதுவரை ஒரு ஆடுகூட என் டயரில் விழுந்ததில்லை. என்னைப் போய்! வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி வெள்ளாற்றில் வீசியிருப்பேன். முதலாளி வாங்கிய பொருள் என்பதால் விட்டேன்.

என் பெயர் தண்டபாணி. கீரப்பாளையத்தில் ஒரு ரைஸ் மில்லில் லோடு வண்டி ஓட்டுகிறேன். தினமும் அரிசி மூட்டை ஏற்றி, பாதியைச் சிதம்பரத்தில் இறக்கி, மீதியைக் கடலூரில் கொடுத்துவிட்டு வரவேண்டும். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

லாரிகளுக்குப் புதுப் பாதுகாப்பு விதிகள் வரப்போகின்றன, கேபினில் ஏசி, வேகத்துக்குப் பூட்டு, டிரைவர் தூங்கினால் எழுப்பும் கேமரா எல்லாம் கட்டாயமாகும் என்று எங்கள் பக்கம் ஒரே பேச்சு. எங்கள் முதலாளிக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். விதி வருவதற்கு முன்பே கேமராவை வாங்கி என் முகத்துக்கு நேரே மாட்டிவிட்டார். நான் கண்ணை மூடினால் அதிலிருந்து ஒரு பெண் குரல், "ஓட்டுநரே, விழித்திருங்கள்!" என்று காது கிழியக் கத்தும். அதே நேரம் மில்லில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் போனிலும் மணி அடிக்கும்.

அன்று சாயங்காலம் முதலாளி முகம் கடுகடு என்று இருந்தது.

"ஏம்பா தண்டபாணி, ஒரே நாள்ல இத்தினி வாட்டி தூங்கியிருக்கியே? வயசாயிடுச்சா?"

"சத்தியமா தூங்கல மொதலாளி. அந்தப் பொம்பளதான் சும்மா சும்மா கத்துது."

"மெஷினுக்கு ஒம்மேல என்னாய்யா பகை?"

கேமராவை ஒரு முறை முறைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

2. தைலமும் மிளகாயும்

மில்லின் இன்னொரு லாரியை ஓட்டுபவன் அந்தோணி. கடலூர்க்காரன். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். யோசனை கேட்டால் வாரி வழங்குவான்.

"மச்சான், ஒனக்கே தெரியாம கண்ணு சொருகுது. கண்ணுக்குக் கீழ தைலம் தடவிக்க. வாயில ஒரு பச்ச மொளகாய அடக்கிக்க. தூக்கம் எப்படி வருதுன்னு பாத்துடலாம்."

தடவினேன், கடித்தேன். அப்புறம் எங்கே கண்ணைத் திறப்பது? எரிச்சலில் கண்ணீர் கொட்டுகிறது, கேமராப் பெண்ணோ மூச்சு விடாமல் கத்துகிறாள். ஆலப்பாக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் தண்ணீர் வாங்கி முகம் கழுவினேன். கடைக்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "வூட்ல எதுனா துக்கமா?" என்று விசாரித்தார். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

3. மஞ்சக்குப்பத்தில் போன மானம்

அந்த வாரமே மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் புது விதிகளைப் பற்றி டிரைவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். முதலாளி, அந்தோணி, நான் மூவரும் போனோம். அதிகாரி நல்ல மனிதர், எல்லாரையும் பேசவிட்டார். அதுதான் அவர் செய்த தவறு.

அந்தோணிதான் முதலில் எழுந்தான். "சார், ஏசி போட்டா கண்ணாடிய ஏத்தணும். அப்ப வெத்தல எச்சிய எங்க துப்புறது?"

அதிகாரி யோசித்தார். "வெற்றிலை போடாம ஓட்டலாமே?"

"அதுக்கு ஏசியே வேணாம் சார்."

பின்னால் இருந்து ஒருவர் கத்தினார்: "எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாதுங்கறீங்க, சந்தோசம். லோடு ஏத்தறதுக்கு ரெண்டு நாளு காத்துக் கெடக்கறமே, அது எதுல சேத்தி?"

"அது ஓய்வு நேரம்தானே?"

"கொசுக்கடியில லாரிக்கு அடியில படுத்துக் கெடக்கறது ஓய்வா? நீங்க ஒரு நாளு வந்து அந்த ஓய்வ எடுத்துப் பாருங்க சார்!"

கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி, "தூக்கத்தைக் கண்டுபிடிக்கிற கேமராவை யாராவது பயன்படுத்திப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். முதலாளி எழுந்து என்னைக் கை காட்டினார்.

"தோ, எங்க டிரைவர். டெய்லி தூங்கறான் சார்."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். "நான் தூங்கல!" என்று கத்தினேன். அந்நேரம் பார்த்து எனக்கு ஒரு கொட்டாவி வந்து தொலைத்தது.

வெளியே வந்ததும் முதலாளி சொன்னார்: "நாளைக்கு நானே வண்டியில வரேன். நீ தூங்கறது நெசம்னா சாவியக் குடுத்துட்டு குடோனைப் பாத்துக்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. குடோன் வேலை ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் ஸ்டியரிங் பிடிக்காமல் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு எதுவும் தெரியாது.

4. முதலாளி ஏறினார்

மறுநாள் காலையில் முதலாளி வெள்ளை வேட்டியோடு ஏறி உட்கார்ந்தார். நான் இமைக்காமல் ரோட்டைப் பார்த்தேன். "பேயறஞ்சவன் மாதிரி முழிக்காதய்யா, எனக்கே பயமா இருக்குது" என்றார்.

சிதம்பரம் நெருங்கியது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது.

"ஓட்டுநரே, விழித்திருங்கள்!"

முதலாளி திடுக்கிட்டு, "தூங்கினியா?" என்றார்.

"இல்ல மொதலாளி, கோபுரத்தப் பாத்து ஒரு கும்புடு போட்டேன்..."

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. என் வலது கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. கோயிலைக் கண்டால் கை நெஞ்சுக்குப் போகும், கண் தானாக மூடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். கீரப்பாளையத்திலிருந்து கடலூர் வரைக்கும் கோயிலுக்கா பஞ்சம்?

முதலாளிக்கு வந்த கோபம் இப்போது கேமரா பக்கம் திரும்பியது. "அடச்சே! சாமி கும்புட்டதயா இந்தச் சனியன் தூக்கம்னு சொல்லுச்சி? நல்ல மனுசனப் போயி சந்தேகப்பட்டுட்டனே!" உடனே என் பக்கம் திரும்பினார். "இருந்தாலும் ஒருவாட்டி கண்ணால பாத்துடறேன். அடுத்த கோயில்ல மறுபடி கும்புடு."

சிதம்பரத்தில் மூட்டை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டி, ரோட்டோரம் ஒரு அம்மன் கோயில் வந்தது.

"ம், கும்புடு!" என்றார் முதலாளி.

கும்பிட்டேன். கேமரா கத்தியது. கூடவே டயருக்கு அடியில் சரசரவென்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்துக் கண்ணைத் திறந்தால், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லுக்குள் முன் சக்கரம் நிற்கிறது. பக்கத்தில் பார்த்தால் முதலாளியும் கைகூப்பியபடி அப்போதுதான் கண்ணைத் திறக்கிறார். என்னைக் கவனிக்க வந்தவர், அம்மனைக் கண்டதும் தன்னை மறந்துவிட்டார்.

நெல்லுக்குச் சொந்தக்காரப் பெண் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "யோவ்! கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது?"

"கோவிச்சுக்காதம்மா, சாமி கும்புட்டேன்" என்றார் முதலாளி.

"நீ கும்புடு, வேணாங்கல. ஓட்டறவன் என்னா பண்ணான்?"

"நாந்தான் அவனையும் கும்புடச் சொன்னேன்."

"ரெண்டு பேரும் கண்ண மூடிக்கினா, வண்டிய யாருய்யா ஓட்டுனது?"

அவமானத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "ஓட்டுநரே, விழித்திருங்கள்!"

"தோ, அந்தப் பொம்பள கத்தறது ரோட்டுல நிக்கற எனக்கே கேக்குது. உள்ள குந்தியிருக்கற ஒங்களுக்குக் கேக்கலியா?"

இருவரும் இறங்கினோம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி நெல்லை வாரினார், நான் கூட்டினேன். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து, ஒரு நெல் விடாமல் கூட்டவைத்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நானே சாவியை நீட்டினேன். "குடோனுக்கே போயிடறேன் மொதலாளி."

அவர் என் கையைத் தள்ளிவிட்டார். "ஒன்ன அனுப்புனா என்னையும் சேத்துல்ல அனுப்பணும்? ஏறு. இனிமே நீ கண்ணத் தொறந்துகினு கும்புடு. மூடறத, நான் மில்லுல உக்காந்து ஒனக்கும் சேத்து மூடிக்கறேன்."

ஆகவே தம்பிகளா, விதி எப்போது வந்தாலும் வரட்டும். ஓடுகிற வண்டியில் கோயிலைக் கண்டால் மனசுக்குள் கும்பிடுங்கள், கண்ணை மூடித்தான் ஆகவேண்டும் என்றால் ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள். நீங்கள் கும்பிடுவது சாமிக்குத் தெரியும், எதிரே வருகிற பஸ்ஸுக்குத் தெரியாது.