முந்திரிச் சாக்கும் வெள்ளைச் சுவரும்

ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் முகப்புச் சுவரை வெள்ளைக் கான்கிரீட்டில் வார்க்கும் வேலை. பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. வார்ப்புப் பலகையைப் பிரித்ததும் தெரிவதுதான் சுவர். முதலில் ஆளுயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் வார்த்துக் காட்டச் சொன்னார் திருச்சி ஆர்க்கிடெக்ட். அது அவருக்குப் பிடித்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் சென்னை ஆட்களுக்கு.

பழைய சிமென்ட் ஒட்டியிருக்கக் கூடாதென்று கான்கிரீட் மிக்சரை மூன்று முறை கழுவ வைத்தேன். பலகைக்கு எண்ணெய் தடவியவரின் கையை முகர்ந்துகூடப் பார்த்தேன், பழைய என்ஜின் ஆயில் வாடை வருகிறதா என்று. என் முன்கோபம் ஊரறிந்தது. அந்த வாரம் யாரும் என் பக்கமே வரவில்லை.

வார்த்த மூன்றாம் நாள் மாலை பலகையைப் பிரித்தோம். ஊறவைத்த பச்சரிசி மாதிரி ஒரே வெள்ளை. என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்தச் சந்தோஷத்திலும் கத்தாமல் இருக்க முடியவில்லை. சுவருக்குத் தண்ணீர் ஊற்றும் அக்காவைக் கூப்பிட்டு, "காலையில ஆர்க்கிடெக்ட் வந்து பாக்கறவரைக்கும் இது காயக் கூடாது. காஞ்சுச்சுன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

காலையில் வழியில் ஏறிக்கொண்டு ஆர்க்கிடெக்டின் காரிலேயே வந்து இறங்கினேன். சுவர் முழுக்க ஈரச் சாக்கு. முந்திரிக்கொட்டை கட்டிவைத்த சாக்கு. ஒன்றை விலக்கினேன். சாக்கில் ஊறியிருந்த முந்திரிக்கொட்டை எண்ணெய் இறங்கி, டீ கொட்டியது போல் திட்டுத் திட்டாகக் கறை.

வெள்ளைக் கான்கிரீட்டைப் பிளாஸ்டிக் தாள் போட்டுத்தான் மூட வேண்டும். அத்தனை பேரிடமும் அவ்வளவு கத்திய நான் இதை அக்காவிடம் சொல்லவேயில்லை. மற்றச் சுவர்களுக்கெல்லாம் அவர் சாக்குதான் போர்த்துவார்.

"யாரு போத்துனது?" என்றார் ஆர்க்கிடெக்ட்.

நான் அக்காவைக் கைகாட்டினேன். "என்னைக் கேக்காம செஞ்சுட்டாங்க சார்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மிரட்டியதைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஆமாங்க சார், நான்தான். காஞ்சுடுமேன்னு வூட்லேர்ந்து எடுத்தாந்தேன். தம்பிக்குத் தெரியாது."

ஆர்க்கிடெக்ட் கறை படாத ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கலர் நல்லாத்தான் வந்திருக்கு. இன்னொண்ணு போட்டுக் காட்டுங்க. ஆனா இனிமே இந்தம்மா இந்த சைட்ல இருக்கக் கூடாது."

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"சரிங்க சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.