ஓடிய சேவல்

போன வருடம் மாசிக் கடைசியில், என் மைத்துனர் மயிலாடும்பாறையிலிருந்து ஜெயமங்கலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளியோடு வந்தார். உள்ளே தவிட்டில் புதைத்த முட்டைகள். அவர் சண்டைக்கு விடும் கட்டுச்சேவல் வளர்ப்பவர். அந்த இனத்துப் பெட்டைகளுக்கு உடம்பு கனம். அடையில் உட்கார்ந்தால் முட்டையை நசுக்கிவிடும் என்பார். அதனால் அவருடைய சேவல்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுச் சாதாரணக் கோழியின் சூட்டில் பொரிந்தவைதான். அந்த முறை என் மனைவி வளர்த்த கறுப்புப் பெட்டையின் முறை.

பங்குனியில் பொரித்தவற்றில் இரண்டு சேவல்கள் தேறின.

எங்கள் வீட்டுக் கோழிகளைப் பிடிக்கப் போனால் தெருவுக்கே கேட்கும்படி கத்தும். தினமும் சண்டை போடும். இரண்டு கொத்தில் யார் பெரியவர் என்று முடிவாகிவிடும், தோற்றது ஒதுங்கிக்கொள்ளும், பிறகு எல்லாம் ஒரே தட்டில் தின்னும். இந்த இரண்டும் வேறு மாதிரி. பருந்தின் நிழல் விழுந்தால் தாய்க்கோழி பதுங்கும். இவை நின்று அண்ணாந்து பார்க்கும். ஆனால் கையில் எடுத்தால் பூனைக்குட்டி போல அடங்கிக் கிடக்கும். வளர்ப்பவன் கையைக் கொத்தும் சேவலை விருத்திக்கு வைக்காமல் தலைமுறை தலைமுறையாகக் கழித்து வந்ததால் வந்த குணம் இது என்று படித்திருக்கிறேன். தன் இனத்தின் மேல் கோபமும் மனிதரிடம் சாந்தமும் ஒரே ரத்தத்தில்.

ஆனியில் இரண்டும் கூவத் தொடங்கின. மைத்துனர் போனில் என் மனைவியிடம் சொன்னார்: “அக்கா, ரெண்டையும் பிரிச்சுக் கட்டிரு. ஒண்ண ஒண்ணு பாக்கவே கூடாது.”

ஒன்றை முருங்கையடியிலும் மற்றதை மோட்டார் அறைக்குப் பின்னாலும் கட்டினாள். பகலெல்லாம் மாறிமாறிக் கூவின. அது சவால், அவள் காதுக்கு ஏக்கமாகக் கேட்டது. “ஒரே றெக்கைக்குள்ள கெடந்ததுக, தேடுதுக பாவம்” என்று, ஆடி முதல் தேதி காலையில் இரண்டையும் அவிழ்த்துவிட்டாள். பிரிக்காமல் விட்டிருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் ஒத்துப் போயிருக்கும். பிரிந்து இருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று அந்நியனாகவே பார்த்தன.

சத்தமே இல்லாத சண்டை. நான் வாளித் தண்ணீரோடு ஓடுவதற்குள் ஒன்றுக்கு இடது கண் போய்விட்டது. அது நேராகச் சமையலறைக்குள் ஓடி, அவள் சேலைக்குப் பின்னால் நின்றது. அவள் அழுதுகொண்டே ரத்தத்தைத் துடைத்து, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டாள். அது சிறகுகூட அடிக்கவில்லை. நல்ல பக்கத்துக் கன்னத்தை அவள் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டது.

காயம் ஆறிவரும்போது மைத்துனர் சேவல்களைக் கொண்டுபோக வந்தார். கண்ணைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “ஓடிருச்சா?”

நான் தலையாட்டினேன்.

“அப்பக் கொழம்பு வச்சிரு. இது ஒங்க பெட்டைகளோட சேந்து குஞ்சு எறங்குனா பாக்குறவுக என்ன சொல்லுவாக? மயிலாடும்பாறக்காரன் சேவ ஓடும்பாக. அப்புறம் எவன் எங்கிட்டச் சேவ வாங்குவான், மச்சான்?”

“ஓடுனதாலதான்லே உசுரோட நிக்குது” என்றாள் அவள்.

“ஓடுனா அது சேவலாக்கா?”

“எனக்குச் சேவதான். நீ மட்டும் என்ன, நாய் தொரத்துனா எம் பின்னாடி வந்துதான ஒளிவ?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சேவலை இரண்டு கையாலும் தூக்கி, வழக்கம்போல நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார். அது மிச்சமிருந்த கண்ணையும் மூடிக்கொண்டு அவர் முழங்கையில் படுத்தது. அதன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். என் மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“புண்ணு ஆறிருச்சு. எண்ணெய நிப்பாட்டு” என்று மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். “யாராச்சும் கேட்டாகன்னா, சந்தையில வாங்குனதுன்னு சொல்லிரு.”

“எந்தச் சந்தைன்னு கேட்டா?”

“பெரியகுளத்துச் சந்தைன்னு சொல்லு. எங்கூருப் பக்கத்து ஆண்டிபட்டிச் சந்தைன்னு மட்டும் வாயத் தொறந்துராத.”