கவிழ்ந்து கிடந்த தொலைபேசி

ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் லொறிகள் தேங்கி நின்றன. அனுமதிச்சீட்டு அடிக்கும் எங்கள் மெய்நிகர் கணினி, ஒரே சேர்வரை வேறு பல கணினிகளோடு பகிர்ந்து ஓடுவது, திணறியது. நான் கூடுதல் புரொசசர்கள் ஒதுக்க, இன்னும் மந்தமானது.

உதவிக்கு வந்த பொறியாளர் ஹெல்மெட் அழுத்திய தலைமுடியோடு அமர்ந்து, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணா, ஒரு புரொசசர் பதிவைப் பூட்டிப்போட்டு எழுதேக்க, சேர்வர் அதை இடையில நிப்பாட்டிப்போட்டு வேற மெஷினைக் கவனிக்குது. உங்கட மற்ற புரொசசரெல்லாம் பூட்டுத் திறக்கும்வரை சும்மா சுத்துது. கூட்டாதேங்கோ, குறையுங்கோ."

குறைத்தோம். லொறிகள் நகர்ந்தன. ஏனென்று எனக்கு விளங்கும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசி விடாமல் அதிர்ந்தும் தொடவில்லை. வாசலில்தான் எடுத்தார்: "ஓம் அம்மா, இப்ப கதையுங்கோ."

அவர் பெயர் தெரியாது. இப்போது யாராவது என்னிடம் சந்தேகம் கேட்டு வந்தால், என் தொலைபேசியும் கவிழ்ந்தே கிடக்கிறது.