இனியவன் மனப்பாடம் செய்த குலதெய்வம்

இனியவன் நெற்றியில் திருநீறு இருந்தது. மூன்று விரலால் இழுத்த முழுப் பட்டை. மாடிப்படியின் உச்சியில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். நான் நான்காவது படியிலேயே நின்றுவிட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஜெக்கரியாவின் காரில் வந்திருந்தோம். நாகூரில் அவன் அக்கா மகள் நஜ்மாவுக்கு மறுநாள் நிக்காஹ். போகிற வழியில் தஞ்சாவூரில் இறங்கி இனியவனையும் எழில்மொழியையும் பார்ப்பது, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவது என்று திட்டம். நாங்கள் நால்வரும் இதே ஊரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எழில்மொழி மட்டும் எங்களுக்கு ஒரு வருடம் இளையவள். அவளும் இனியவனும் பிறகு திருமணம் செய்துகொண்டார்கள். ஒரே மகள் செம்மொழி. போனில் பேசுவோமே தவிர, நேரில் பார்த்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனக்குத் தெரிந்த இனியவன் வேறு ஆள். முதலாம் ஆண்டில் ஓர் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு, "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். ஆறு பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தார்கள். இனியவன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றான்.

"ஏண்டா மேல ஏறுற?"

"கடைசி வரிசைக்குத் தெரியணும்ல சார். பூதலூர் பக்கம், காலனித் தெரு. அப்பா பேரு செல்லதுரை, அறுப்பு, நடவு, எல்லா வேலையும் செய்வார். என்னோடதைச் சொல்லிட்டேன். இப்ப நீங்க உங்க தெருவைச் சொல்லுங்க."

மூன்று நாள் வகுப்புக்கு வரக்கூடாது என்றார்கள். ஆனால் அதன் பிறகு எங்கள் கல்லூரியில் அந்தப் பட்டியலை யாரும் வகுப்பில் படிக்கவில்லை. ஆதிதிராவிடர் விடுதியின் மொட்டை மாடியில் உட்கார்ந்து, கடவுள் இல்லை என்பதை எனக்கு முதலில் தர்க்கமாகச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். அந்த நெற்றியில்தான் இப்போது திருநீறு.

கீழ்வீட்டு வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா நிமிர்ந்தார். "விருந்தாளிங்களா சார்?"

"ஆமாம்மா, கூடப் படிச்சவங்க." இனியவன் ஜெக்கரியாவைக் காட்டி, "இவர் ராஜா" என்றான்.

யார் அந்த ராஜா என்று ஜெக்கரியா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

கையிலிருந்த துணிப்பையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். பையில் நத்தை. கல்லணையிலிருந்து பூதலூர் வழியாக வந்தபோது, வாய்க்கால் கரையில் ஓர் அம்மாள் அலுமினியச் சட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். விடுதி நாட்களில் இனியவன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் நத்தைக் குழம்பு வரும். நாங்கள் அடித்துக்கொண்டு தின்போம். அந்த நினைப்பில் வாங்கினேன். பை சொட்டச் சொட்ட நனைந்திருந்ததால் வெளியிலேயே விட்டேன்.

உள்ளே அவன் படிக்கும் பகுத்தறிவுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. பிறகுதான் தெரிந்தது, எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. சுவரில் மாலை போட்ட ஒரு சாமி படம், கையில் அரிவாள், பெரிய மீசை.

"யாருடா இது?" என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரியது.

"மெதுவா பேசுங்கண்ணே" என்று எழில்மொழி ஜன்னலைச் சாத்தினாள்.

"குலதெய்வம்" என்றான் இனியவன்.

"யாரோட குலதெய்வம்?"

அவன் தரையைக் காட்டினான். கீழ்வீட்டுக்காரர்களுடையது என்று அர்த்தம்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, இனியவனுக்குத் தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் வேலை கிடைத்ததும் வீடு தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பதினெட்டு வீடு பார்த்திருக்கிறார்கள். எவரும் நேராகச் சாதியைக் கேட்கவில்லை. படித்த ஊர், நாகரிகமான ஊர். சொந்த ஊர் எது என்பார்கள். எந்தத் தெரு என்பார்கள். அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், "உங்க குலதெய்வம் எங்க இருக்கு?" ஊரை மாற்றிச் சொல்லலாம், தெருவை மாற்றிச் சொல்லலாம். குலதெய்வத்துக்குக் கோயில் உண்டு, பங்காளிகள் உண்டு, படையல் நாள் உண்டு. கடவுள் இல்லை என்று சொல்கிறவன் அங்கே வாயைத் திறக்க முடியாது. 'இல்லை' என்பதையும் அவர்கள் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

"பதினெட்டாவது வீட்டுல வாசலோட அனுப்பிச்சாங்க. அன்னிக்குச் செம்மொழி ஸ்கூல் யூனிஃபார்மோட எங்ககூட நின்னா" என்றான். "அடுத்த வீட்டுக்கு முன்னாடி பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சேன். எந்த ஊர்ல கோயில், எந்த பஸ், ஆடியில எந்த வெள்ளிக்கிழமை படையல். எழில் கேள்வி கேப்பா, நான் பதில் சொல்வேன். இந்தம்மா நாலு கேள்வி கேட்டாங்க. நாலுக்கும் சரியாச் சொன்னேன். சாவியக் குடுத்துட்டாங்க."

ஒரு வேதியியல் ஆசிரியன் வாடகை வீட்டுக்காக ஒரு சாமியை மனப்பாடம் செய்திருக்கிறான். நான் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

"எனக்கெதுக்குடா ராஜான்னு பேரு வச்ச?" என்றான் ஜெக்கரியா.

"போன வருசம் எங்க காலேஜ் சலாஹுதீன் வந்தாரு. போனதும் அந்தம்மா, 'அவங்கல்லாம் வருவாங்களா சார்'னு கேட்டாங்க."

"உன் பாடு பரவால்லடா, பொய் சொல்ல ஒரு வழி இருக்கு. நான் ஆதார் கார்டைக் காட்டுனாலே கேட்டைச் சாத்திடுறான்."

"மார்ச்ல செம்மொழிக்குப் பிளஸ் டூ பரீட்சை" என்றாள் எழில்மொழி. "ஸ்கூல் ரெண்டு தெரு தள்ளி. ராத்திரி எட்டு வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ். டாக்டராகணும்னு வெறியாப் படிக்கிறா. அது வரைக்கும் இந்த வீடு இருந்தாப் போதும்ணே. அப்புறம் எங்க வேணா போறோம்."

"அப்பா வந்து போறாரா?" என்று இனியவனைக் கேட்டேன்.

அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். எழில்மொழிதான் சொன்னாள். வந்த புதிதில் மாமா ஒருமுறை வந்தாராம், தோளில் துண்டு, கையில் ஒரு மூட்டை புது அரிசி. வீட்டுக்கார அம்மா யாரென்று கேட்டிருக்கிறார். "எங்க வயலைப் பார்த்துக்கிறவர்" என்று இனியவன் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா நல்லவர்தான். உடனே காப்பி போட்டு, ஒரு பேப்பர் கப்பில் ஊற்றி, கீழ்ப்படியில் உட்கார வைத்துக் கொடுத்திருக்கிறார். செல்லதுரை குடித்து முடித்து, கப்பைத் தானே குப்பையில் போட்டுவிட்டு, மகனைப் பார்த்து, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

பெற்ற மகனை 'ங்க' போட்டு அழைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஒரு தகப்பன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

அப்போது கீழிருந்து குரல் வந்தது. "சார், கொஞ்சம் வரீங்களா?"

கதவைத் திறந்தால், பையின் வாயில் நான் கட்டியிருந்த சணல் அவிழ்ந்து கிடந்தது. நத்தைகள் படிப்படியாக இறங்கியிருந்தன. கடைசிப் படியில், காலையில் போட்ட மார்கழிக் கோலத்தின் மீது மூன்று, சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன. வீட்டுக்கார அம்மா துடைப்பத்தோடு நின்றார்.

"இது உங்க பையிலேர்ந்தா வருது?"

எழில்மொழி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"மூலத்துக்கு மருந்தா சார்?" என்று அந்த அம்மாவே கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் இருந்தது.

"ஆமாம்மா" என்றான் இனியவன். "இவனுக்குத்தான். ஆபீஸ்ல உக்காந்தே இருக்கான்ல."

"அய்யோ பாவம்" என்று என்னைப் பார்த்தார். "எங்க மாமாவுக்கும் வைத்தியர் இதைத்தான் சொன்னார். கடைத்தெருவுல நின்னு வாங்கக் கூச்சமா இருக்கு. நாலு குடுங்களேன்." உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்து படியேறினார். "ஒரு நிமிசம் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு சார். அந்த ஆளுங்கதான் இதைக் கொழம்பு வச்சுத் தின்னுவாங்களாம். நம்மள்ல யாராவது தொடுவமா?"

இனியவன் சிரித்தான். "சேச்சே" என்றான்.

பெஞ்சில் ஏறி நின்றவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. மிரட்டி வாங்கவில்லை. அடித்து வாங்கவில்லை. ஐந்து வருடம் ஒரு மாடியை வாடகைக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த செம்மொழி பேனாவோடு வெளியே வந்தாள்.

"ஆன்ட்டி, மருந்துக்கு இல்ல. எங்க வீட்டுல கொழம்பு வச்சுத்தான் சாப்பிடுவோம். அப்பாவுக்கு உசிரு. அன்னிக்குப் பேப்பர் கப்புல காப்பி குடுத்தீங்களே, அவர் வயல் பார்த்துக்கிறவர் இல்ல. எங்க தாத்தா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அம்மா இனியவனைப் பார்த்தார். "அப்படியா சார்?"

அவன் குனிந்து, படியில் கிடந்த ஒரு நத்தையை எடுத்துப் பையில் போட்டான்.

அவர் கிண்ணத்தைப் படியில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லணும்னே இருந்தேன் சார். என் பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கயே வந்துடப் போறாங்க. பொங்கல் கழிஞ்சதும் மாடி வேணும்." அந்தப் பெண் கனடாவில் சொந்த வீடு வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு இவர் தெருவுக்கே லட்டு கொடுத்திருக்கிறார்.

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. குரல் உயரவில்லை. இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரோடு வந்து, நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படியைக் கழுவ ஆரம்பித்தார்.

"போலீசுக்குப் போவோம். சட்டம் இருக்கு" என்று நான் கத்தினேன்.

"என்னன்னு எழுதிக் குடுப்பீங்க? பொண்ணு வரான்னுதானே சொன்னாங்க?" என்றாள் எழில்மொழி. "நீங்க சாயங்காலம் நாகூர் போயிடுவீங்கண்ணே. நாங்க பொங்கல் வரைக்கும் இந்தப் படியில ஏறி இறங்கணும்."

இனியவன் மகளிடம் திரும்பினான். "மூணு மாசம். மூணு மாசம் உன்னால பொறுக்க முடியலையா?"

"அஞ்சு வருசம் பொறுத்தேம்ப்பா."

அவன் கையை ஓங்கினான். கூட்டாளியாக இருந்த இத்தனை ஆண்டில் அவன் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. ஜெக்கரியா குறுக்கே போய் மணிக்கட்டைப் பிடித்தான். "டேய், ராஜா சொல்றேன். கைய எறக்கு."

இனியவன் கையை இறக்கினான். சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அன்று யாரும் சாப்பிடவில்லை.

பொங்கலுக்குள் ஒன்பது வீடு பார்த்தார்களாம். இந்த முறை செம்மொழி கூடவே போயிருக்கிறாள். குலதெய்வம் எது என்ற கேள்வி வரும்போதெல்லாம் அப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவன் ஒன்பது இடத்திலும் உண்மையைச் சொல்லியிருக்கிறான். ஒன்பது வீடும் அன்று காலையில்தான் வேறு யாருக்கோ முடிந்துவிட்டதாம்.

இப்போது பூதலூர்ப் பக்கம் செல்லதுரையின் இரண்டறை வீட்டில், இனியவன் அம்மாவையும் சேர்த்து, ஐந்து உயிர் இருக்கிறது. அப்பனும் மகளும் காலை ரயிலில் தஞ்சாவூர் போகிறார்கள். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதால் எட்டு மணி வரை நடக்கும் ஸ்பெஷல் கிளாசுக்கு அவள் இருக்க முடிவதில்லை.

போன வாரம் இனியவன் ஸ்டேஷனிலிருந்து போனில் பேசினான். அன்றைக்குப் பிறகு செம்மொழி அவனோடு முகம் கொடுத்துப் பேசியதே இல்லையாம். சற்று முன்புதான் பெஞ்சில் அவனை ஒட்டி உட்கார்ந்து, கெமிஸ்ட்ரியில் ஒரு சந்தேகம் கேட்டாளாம். இரண்டு தரம் விளக்கினானாம்.

"கிளாஸ் போகாததுல மார்க் குறையுமாடா?" என்று கேட்டேன்.

"குறையும்" என்றான். "வண்டி வருது. வைக்கிறேன்."