லாஞ்சில் பாடமாக்கிய பிரெஞ்சு

உயர்தரப் பரீட்சைக்கு நான் பிரெஞ்சு எடுத்தது பிரான்ஸ் மீது கொண்ட காதலால் அல்ல. போட்டி குறைவு, பல்கலைக்கழகத்துக்கு லேசாகப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். வாப்பா அரை மனதோடுதான் சம்மதித்தார்.

“ரெண்டு வருஷம் தாறன், மகன். கெடைக்காட்டி கடைக்கு வந்திரு,” என்றார்.

மூதூரில் எங்களுக்கு ஒரு புடைவைக்கடை இருந்தது. எனக்கு அதைக் கண்ணிலேயே காட்டக்கூடாது.

தினமும் காலையில் லாஞ்சில் ஏறிக் கடல் கடந்து திருகோணமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன், பின்னேரம் திரும்புவேன். போவதற்கு மட்டுமே ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். வாடைக்காற்றுக் காலத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். துறைமுகத்தில் இறங்கும்போதே ஒரு நாள் வேலை முடிந்த அலுப்பு. பிரெஞ்சு வகுப்பில் நான் ஒருவன்தான். இரண்டாம் தவணையோடு ஆசிரியை மாற்றலாகிப் போனார்; பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. பிறகு நானும் ஒரு புத்தகமும்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே படிப்பு பாடமாக்குவது. புத்தகத்தில் இருந்த கட்டுரைகள் அத்தனையையும் பாடமாக்கினேன். பாரிஸ் மாணவன் காலையில் என்ன சாப்பிடுவான், எந்த நிலத்தடி ரயிலில் ஏறுவான், எங்கே இறங்கி மாறுவான் எல்லாவற்றையும் லாஞ்சின் கம்பியைப் பிடித்தபடி உரத்துச் சொல்வேன். மீன்பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருப்பவர்கள், “தம்பிக்குப் பேய் புடிச்சிட்டு, தண்ணி ஓதிக் குடுக்கணும்,” என்று சிரிப்பார்கள்.

வாய்மொழிப் பரீட்சை கொழும்பில் நடந்தது. பரீட்சகர் கண்ணாடி போட்ட, சாந்தமான ஒரு பெண்மணி. முதல் கேள்வியே, பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதுதான். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பாடமாக்கியபடியே ரயிலில் ஏறினேன், மாறினேன், படியேறி வெளியே வந்தேன். ஒரு பிழையுமில்லை.

“திருகோணமலையிலா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“ஓம்” என்றேன், நானும் பிரெஞ்சில். முகம் எரிந்தது.

அவர் சிரிக்கவில்லை. “சரி, உண்மையில் எப்படிப் போகிறீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டு வருடங்களில் சொந்தமாக ஒரு வசனம்கூட நான் சொல்லிப் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது லாஞ்சில் அந்தப் பதில் பிரெஞ்சில் தானாக வந்தது. காலையில் படகில் போகிறேன். கடல் பெரிது. எனக்குத் தலை சுற்றுகிறது. களைத்துப் போகிறேன். எல்லாம் முதல் மூன்று பாடங்களில் இருந்த சொற்கள். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

மூதூர் இறங்குதுறையில் வாப்பா நின்றார்.

“என்ன மகன், கேட்டதுக்கெல்லாம் சொன்னியா?”

“ஓம் வாப்பா.”

மகன் கொழும்பில் பிரெஞ்சு கதைத்துவிட்டு வந்தவன் என்று சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தார். பரீட்சைப் பெறுபேறு வர இன்னும் மாதங்கள் இருந்தன. அடுத்த கிழமையே, ஒருவரும் கூப்பிடாமல், நான் கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.