பதினாறில் வைத்தும் குளிரவில்லையாம்!

ஏசி மெக்கானிக்குக்கு வருஷத்தில் பத்து மாதம் பேரே கிடையாது. கத்திரி வெயில் நெருங்கினால் மட்டும் அவன் "சார்" ஆகிவிடுவான். சைதாப்பேட்டையிலிருந்து பைக்கில் கிளம்பி மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று இருபது கோடைகளாக நான் சாராகிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் வீட்டு ஏசியும் இரைச்சலை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், வாருங்கள், நாம் ஒரே கூட்டம்.

போர்த்திவிட்ட புண்ணியவான்

மயிலாப்பூரில் ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர். ஏசி பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது என்று காலையிலிருந்து நாலு போன். போய்ப் பார்த்தால், மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டின் மேல் ஒரு கம்பளி, அதன் மேல் தார்ப்பாய், சுற்றிலும் கயிறு. காசிக்குக் கிளம்பும் மூட்டை மாதிரி இருந்தது. அதன் மேல் வெயில் படக் கூடாது என்று போனில் யாரோ தகவல் அனுப்பியிருந்தார்களாம்.

"மாமா, ரூம் சூட்டை வெளியே தள்றதே இதுதான். மூக்கை அடைச்சா எப்படி ஓடும்? நிழல் வேணும்னா உசரத்துல ஒரு தட்டி கட்டுங்க, நாலு பக்கமும் காத்து போகட்டும்" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்தது. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன். அவர் கம்பளியை மடித்துக்கொண்டே சொன்னார்: "பாவம், அது வெயில்ல நின்னுண்டிருக்கேன்னு போர்த்தினேன். நீங்க என்னவோ நான் அதைக் கழுத்தை நெரிச்சாப்பல பேசறேள்!"

கேஸ் தீர்ந்த வீடு

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நோயையும் மருந்தையும் அவரே சொல்லிவிட்டார்: கேஸ் தீர்ந்துவிட்டது, அடிக்க வேண்டும். அடுப்பு சிலிண்டர் மாதிரி ஏசியில் கேஸ் தீராது. எங்காவது கசிந்தால்தான் குறையும். அளந்து பார்த்தேன், சரியாகவே இருந்தது. ஃபில்டரைக் கழற்றினால், தலையணை தைக்கிற அளவுக்குத் தூசியும் பஞ்சும். கழுவி, உலர்த்தி மாட்டினேன். பதினாறில் இருந்த ரிமோட்டை இருபத்துநாலுக்கு ஏற்றி, ஃபேனையும் சுழலவிட்டேன். அறை ஜில்லென்று ஆனது. முதலாளிக்குத்தான் மனசு ஆறவில்லை. வெறும் தண்ணீரில் கழுவினதற்கெல்லாம் ஏசி குளிருமா?

மறுநாள் வேறொரு மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறார். அவன் என் சினேகிதன் முனுசாமி. டீக்கடையில் பார்த்தபோது, "என்னடா செஞ்சே?" என்று கேட்டேன். அவன் டீயை ஆற்றியபடி சொன்னான்: "அவருக்கு கூலிங் வேணாம் மச்சி, சிலிண்டர்தான் வேணும். தூக்கிக்கினு போய் ரூம்ல வெச்சேன், தூக்கிக்கினு வந்துட்டேன். இப்போ சூப்பரா கீதாம்!"

சன்ஷேடில் ஒரு மத்தியானம்

இது அடையாறில், மூன்றாவது மாடி. அந்த வீட்டில் ஹால் ஏசி நன்றாக ஓடுகிறது. படுக்கையறை ஏசிதான் மக்கர். அதன் அவுட்டோர் யூனிட்டை எந்தப் புண்ணியவானோ ஹால் ஜன்னலுக்கு வெளியே, கைப்பிடி இல்லாத சன்ஷேடில் வைத்திருந்தான். ஜன்னல் வழியாக இறங்கி, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். ஜன்னல் மூடிக்கொண்டது. உள்ளே கொண்டி போடுகிற சத்தமும் கேட்டது.

கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே டிவி அலறியது. போன் என் பையில், பை ஹால் சோபாவில். காங்கிரீட் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. கால் மாற்றிக் கால் வைத்து நின்றேன். கீழே பார்த்தால் தலை சுற்றியது, அதனால் பார்க்கவில்லை. கடைசியில் எதிர் மாடியில் துணி எடுக்க வந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்து அலறி, தெருவையே கூட்டினாள். வாட்ச்மேன் ஓடிவந்து காலிங்பெல்லை அடித்த பிறகுதான் ஜன்னல் திறந்தது. உள்ளே விழுந்து, தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைக்கக் கூடாதுன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?"

கதவு

வேளச்சேரி அபார்ட்மெண்ட் ஒன்றில் ஐ.டி.க்காரர் ஒருவர். வீட்டிலிருந்தே வேலை. அவருக்கு வேண்டிய அளவு குளிரவில்லை என்று கூப்பிட்டார். சர்வீஸ் முடித்து, கை கழுவப் போகும் வழியில் அடுத்த அறையைப் பார்த்தேன். மேற்குச் சுவர், அடுப்பு மாதிரி கொதித்தது. இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடந்த அவருடைய அப்பா, மார்பில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஃபேனைப் பார்த்தபடி இருந்தார். "அப்பாவுக்கு ஏசி ஒத்துக்காது" என்றார் மகன், நான் கேட்காமலேயே.

எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் நியாயம் பேசினால் வாசலைக் காட்டுவார். அதனால் தொழில் பேசினேன்: "சார், இந்த ஏசிக்கு உங்க ரூம் ரொம்பச் சின்னது. ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்கிற கதவைத் திறந்து வெச்சு இருபத்தாறுல ஓட்டுங்க. பக்கத்து ரூம் மேற்கு ஜன்னலுக்கும் கனமா ஒரு திரை போடுங்க. இல்லேன்னா கம்ப்ரசர் போயிடும்." மனிதர் பதறிப்போய், நான் பெட்டியை மூடுவதற்குள் கதவைத் திறந்து, நாற்காலி வைத்து முட்டுக்கொடுத்துவிட்டார். கிளம்பும்போது பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டார். குனிந்தேன். காதருகே சொன்னார்: "நல்ல பொய் தம்பி. கம்ப்ரசருக்குன்னா எவ்வளவு வேகமாத் திறக்கிறான் பாருங்க!"

இருபது கோடையில் நான் கற்றது இவ்வளவுதான்: மெஷின் சூடானால் கழற்றிப் பார்க்கலாம், மனுஷன் சூடானால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.